கருஞ்சிவப்பு ரோஜாவும் அதன் பெயரும்

செடி விற்பாரிடம் சென்று, நன்கு மலர்ந்து நிற்கும் கருஞ்சிவப்பு ரோஜாவொன்றைச் சுட்டி, "இதன் பெயர் யாது?" என்று வினவிப் பாருங்கள். "சிவப்பு" என்பதே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும். இன்னுஞ் சற்று வற்புறுத்தினால், "நல்ல சிவப்பு, பெங்களூர்ச் செடி" என்பர். விற்பாரைக் குறை கூறுதல் எம் கருத்தன்று. அவர்க்குச் செடி கொடுத்தவரும் அவ்வளவே கூறியிருப்பர். வாங்குவாரும் அதற்குமேற் கேட்பதில்லை. மாம்பழம் வாங்கச் சென்றால் மல்கோவாவோ, பங்கனப்பள்ளியோ, நீலமோ என்று கேட்டு, காம்படியை முகர்ந்து, விரலால் மெல்ல அழுத்திப் பார்த்து விலை பேசுகின்ற நாம், ரோஜாவை மட்டும் நிறத்தாற் சுட்டி வீட்டிற்குக் கொணர்கின்றோம். இவ்வழக்கம் மாறவேண்டும் என்பதும், சிறப்பாகக் கருஞ்சிவப்பு ரோஜாவை வளர்க்க விழைவோர் அதன் பெயரறிந்தே நடுதல் வேண்டும் என்பதும் எம் துணிபு. இதனைச் சிறு செய்தி என்று ஒதுக்குவார் உளர். பெயரறியாமையால் எம் இல்லம் இழந்ததொன்று உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இக்கருத்தை விடுதியில் ஒருநாள் இரவுணவின்போது வெளியிட்டோம். ஆங்கில இலக்கியம் பயிலும் நண்பர் ஒருவர் உடனே ஜூலியத்தின் கூற்றைக் கொண்டு எம் வாயை அடைக்க முயன்றார். ஜூலியத் காதலித்தவள், தோட்டம் வைத்தவள் அல்லள். தோட்டம் வைப்பார்க்கு ரோஜாவின் பெயர் வெறும் ஒலியன்று. என்னை? மல்கோவாவின் கொட்டையை நட்டால் மல்கோவாவே வரும் என்பதற்கு உறுதியில்லை, ரோஜாவிலும் அவ்வாறே. கலப்பு ரோஜாவின் விதையினின்று தாயையொத்த செடி முளைப்பதில்லை. ஒவ்வொரு விதையும் புதியதொரு செடியைத் தரும். ஆதலின், விரும்பத்தக்க செடி ஒன்று தோன்றியபின் அதனைப் பெருக்குவதற்குரிய வழி, அதன் கொம்பினின்று ஒரு மொட்டை எடுத்துப் பிறிதொரு வலிய செடியின் பட்டைக்குள் ஒட்டுதலே; அன்றேல் அதன் கொம்பை வெட்டி நட்டு வேர்விடச் செய்தலே. எனவே, உலகில் ஒரு பெயரோடு வழங்கும் ரோஜாச் செடிகள் யாவும், என்றோ ஒருநாள் ஒரு விதையினின்று முளைத்த ஒரே செடியின் கூறுகளாம். பெயர் தெரியுமாயின், பட்டுப்போன செடியையே மீண்டும் பெறலாம். அதனையொத்த வேறொன்றையன்று, அதனையே பெறலாம். பெயர் தெரியாதாயின் இழந்தது இழந்ததே. மக்களுள் இறந்தாரை இவ்வுலகில் அங்ஙனம் மீட்டல் இயலாது. ரோஜாவுக்கு வாய்த்துள்ள இப்பேற்றை நம் கவலையின்மையாற் கெடுத்துக்கொள்ளுதல் முறையோ?

கருஞ்சிவப்பு ரோஜா எங்ஙனம் தோன்றியது என்பதை ஈண்டுச் சிறிது கூறல் வேண்டும். பழைய ஐரோப்பிய ரோஜாக்களுள் தூய செம்மை அரிது. செந்நிறம் எனப்பட்டவை பெரும்பாலும் இளஞ்சிவப்பாகவோ, விரைவில் ஊதாவாகத் திரிவனவாகவோ இருந்தன. அவற்றுட் பல ஆண்டுக்கு ஒருமுறையே பூத்தன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்துச் செம்ரோஜா கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தது. சிறிய செடி, மெல்லிய கொம்பு. ஆயினும் மங்காத செம்மையும் ஆண்டு முழுதும் பூக்கும் இயல்பும் அதனிடம் இருந்தன. இன்று நம் முற்றத்தில் மாதந்தோறும் பூக்கும் சிவப்பு ரோஜாக்கள் அவ்விரண்டனையும் அத்தகைய சீனச் செடிகளிடமிருந்தே பெற்றுள்ளன. 1867-ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டு லியோன் நகரத்துக் கியோ என்பார் 'லா பிரான்ஸ்' என்னும் ரோஜாவை வெளியிட்டார். ஹைப்ரிட் டீ என்னும் வகைக்கு முதலாக அதனையே கொள்வர். நீண்ட காம்பு, அதன் நுனியில் ஒற்றைப் பெருமலர், கூம்பி உயர்ந்த நடுமொட்டு, மீண்டும் மீண்டும் பூக்கும் தன்மை ஆகியவை இவ்வகையின் இலக்கணம். தேயிலை மணமுடையதெனப் பெயர்பெற்ற டீ ரோஜாக்களின் மரபினின்று வந்தமையால் இப்பெயர் ஏற்பட்டதேயன்றிக் குடிக்கும் தேநீருக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இவ்வகையுள் கருஞ்சிவப்புக்குக் குலமுதல்வர் போன்றது 'கிரிம்ஸன் குளோரி'. இதனைத் தோற்றுவித்த வில்ஹெல்ம் கோர்டெஸ் ஜெர்மானியர். முதல் உலகப் போர் மூண்டபொழுது இங்கிலாந்தில் ரோஜாத் தொழில் செய்துகொண்டிருந்த அவர் பகைநாட்டார் என்னும் காரணத்தால் மான் தீவில் காவலில் வைக்கப்பட்டார். செய்தற்கு வேறொன்றும் இல்லாத அவ்வாண்டுகளை அவர் செடிகளின் மரபியலைக் கற்பதிற் கழித்தார் என்பர். விடுதலையடைந்து தம் நாட்டிற்குத் திரும்பி, ஆண்டுகள் பல உழைத்து, 1935-இல் இம்மலரை உலகிற்கு அளித்தார். மிக்க மணம், பட்டுத்துணி போன்ற இதழ், ஆழ்ந்த செம்மை. குறையும் உண்டு. இதன் கழுத்து மெலிது. பூவின் பாரம் தாங்காது தலை கவிழும். இக்குறை இதன் வழித்தோன்றல் சிலவற்றிற்கும் சென்றது. ஆல்பர்ட் நார்மன் என்னும் ஆர்வலர் உண்டாக்கி 1946-இல் வெளிவந்த 'ஈனா ஹார்க்னெஸ்' என்னும் புகழ்பெற்ற செம்ரோஜாவும் நாணமுற்றது போல நிலம் நோக்கியே நிற்கும். தலை கவிழ்தலைக் குறையென்றோம். உயரமாக வளர்ந்த செடியில், கீழே நின்று நோக்குவார்க்கு அஃது அழகே என்பாரும் உளர்.

'கிரிம்ஸன் குளோரி'யின் மகள் 'சார்லட் ஆம்ஸ்ட்ராங்'. அதன் வழிவந்தது 1952-இல் அமெரிக்காவில் வெளியான 'கிரைஸ்லர் இம்பீரியல்'. மோட்டார் வண்டியின் பெயரைப் பூவுக்கு இடும் துணிவு அந்நாட்டார்க்கே வரும்! பெயர் எம் செவிக்கு இனிதாக இல்லையெனினும் செடி நல்ல செடி. இதனோடு 'சார்லஸ் மாலரின்' என்னும் மற்றொரு கருஞ்சிவப்பைக் கலந்து பெற்ற விதைகளினின்று மூன்று புகழ்பெற்ற ரோஜாக்கள் பிறந்தன. 1963-இல் பிரான்சில் அலேன் மெய்லாண்ட் வெளியிட்ட 'பாப்பா மெய்லாண்ட்' ஒன்று. பேரன், தன் பாட்டனார் பெயரைப் பூவுக்கு இட்டான்; மோட்டார் வண்டிக்கு இஃது எவ்வளவோ மேல். 1964-இல் அமெரிக்காவில் சுவிம், வீக்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட 'மிஸ்டர் லிங்கன்', 'ஒக்லஹோமா' ஆகியவை ஏனை இரண்டு.

எம் வாதத்தின் உயிர்நிலை ஈண்டேயுள்ளது. இம்மூன்றும் உடன்பிறந்தவை, ஒரே தாய் தந்தை. மூன்றன் பூவையும் பறித்துத் தட்டில் வைத்துத் தள்ளுவண்டியிற் கொணர்ந்தால், பழகாத கண்ணுக்கு மூன்றும் "சிவப்பு" தான். ஆயின் தோட்டத்திலோ மூன்றும் மூன்று வகைக் குணமுடையன. 'பாப்பா மெய்லாண்ட்' கருமையிலும் மணத்திலும் தலைசிறந்தது. உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு 1988-இல் அதனைத் தன் புகழ்வரிசையிற் சேர்த்தது. ஆயினும் நோஞ்சான் பிள்ளை. இலையில் மாவு தெளித்தாற்போலப் படியும் சாம்பல் நோய்க்கு எளிதில் இலக்காகும்; செடியும் அத்துணைப் பெரிதாக வளராது. 'மிஸ்டர் லிங்கன்' ஆள் உயரத்திற்கும் மேல் வளரும், காம்பு நீண்டு நிமிர்ந்து நிற்கும், வெப்பத்தைப் பொறுக்கும், முதிர்ந்த பூ மட்டும் சற்றே ஊதா பாயும். 'ஒக்லஹோமா' உருண்டு பருத்த பூ. குளிர்நாட்டில் சரிவர விரியாது தயங்கும். வெயில்நாட்டில் மகிழ்ந்து மலரும். அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலம் 2004-இல் இதனைத் தன் மாநில மலராக்கிக்கொண்டது. இனிச் சொல்லுங்கள். பெயரறியாமல் "சிவப்பு" ஒன்றை வாங்கி வந்து, தென்மாவட்டத்து வெயிலில் நட்டு, அது வாடியவுடன் "எங்கள் ஊர் மண்ணுக்கு ரோஜா ஒத்துவராது" என்று முடிவு கட்டுவது அறிவுடைமையாகுமா? நட்டது எது என்றறியாதவன், ஒத்துவராதது எது என்று எங்ஙனம் அறிவான்?

வெயிலைப்பற்றி இன்னும் சிறிது. கருஞ்சிவப்பு ரோஜாவை வளர்ப்பவர் வெள்ளை ரோஜாவையோ மஞ்சள் ரோஜாவையோ வளர்ப்பவரினும் மிகுதியாகப் பாடுபட வேண்டியுள்ளது. கருநிறம் வெப்பத்தை மிக ஈர்க்கும். ஆதலின் நண்பகல் வெயிலில் இதழின் ஓரம் கருகும். மேலும், வெப்பம் மிகுந்தால் இதழில் நிறப்பொருள் குறைவாகவே ஊறும். மார்கழியிற் கறுத்துப் பெருத்து மலர்ந்த அதே செடி சித்திரையில் வெளிறிச் சிறுத்த பூவைத் தரும். இந்நிறப்பொருளுக்குச் சயனின் என்று பெயர். நீலநிறக் காட்டுப்பூவொன்றில் உள்ள நிறப்பொருளும் செம்ரோஜாவில் உள்ள நிறப்பொருளும் ஒன்றே என்பதை வில்ஸ்டேட்டர் என்னும் ஜெர்மானிய வேதிநூற் புலவர் முதல் உலகப் போர்க் காலத்திற்குள் ஆராய்ந்து காட்டினார். ஒரே பொருள் ஓரிடத்தில் நீலமாகவும் ஓரிடத்திற் சிவப்பாகவும் தோன்றுகின்றது! இதழ் முதிர முதிர அதன் சாற்றின் புளிப்புக் குறைதலால் செம்மை ஊதாவை நோக்கிச் சாய்கின்றது. எனவே இரண்டு நாட்சென்ற பூ நிறம் திரிதல் உரம் போதாமையாலன்று. அதன் இயல்பாலேயே ஆம்.

இங்ஙனமாயின், சமவெளியில் இதனை வளர்த்தல் வீண் முயற்சியோ எனின், அன்று என்போம். உதகையில் 1995-இல் அமைக்கப்பட்டு, 2006-இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பால் விருதளிக்கப்பெற்ற அரசு ரோஜாத் தோட்டத்தை மே மாதத்திற் கண்டு வந்து, அதே மாதத்தில் தம் வீட்டு முற்றத்தை நோக்கிப் பெருமூச்செறிவார் பலர். மலைக்கு மே, நமக்கு மார்கழியும் தையும். சமவெளிக் கருஞ்சிவப்பு ரோஜாவுக்கு ஆண்டில் மூன்று திங்களே பெருவாழ்வு. அம்மூன்று திங்களின்பொருட்டு ஏனை ஒன்பது திங்களும் செடியைக் காத்தலே இவ்வளர்ப்பின் முறை. பொறுமையற்றவர் செம்பருத்தி வளர்க்கலாம். அதுவும் நல்ல பூவே.

நிற்க. எம் இல்லத்துச் செய்தியைக் கூறுவதாக உரைத்தோம். பொருநைக் கரையை அடுத்த எம் ஊரில், வீட்டின் கீழ்ப்புறத்தில், கிணற்றடிக்கும் சுவருக்கும் இடையே ஒரு கருஞ்சிவப்பு ரோஜா நின்றது. கொடைக்கானலில் ஊழியம் செய்த உறவினர் ஒருவர் எம் பாட்டியார்க்குக் கொணர்ந்து கொடுத்த செடி அது. கொணர்ந்தபொழுது அதன் கொம்பில் ஒரு காகிதச் சீட்டுக் கட்டியிருந்ததாம். அதில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்ததாம். முதல் மழையிலேயே அச்சீட்டுக் கரைந்துபோயிற்றாம். பாட்டியார் அதனை 'என் செடி' என்பார். நாங்கள் 'ஆச்சி ரோஜா' என்போம். கிறிஸ்துமஸ் முதல்நாள் மாலையில் அதன் பூக்களைப் பறித்துப் பித்தளைச் செம்பில் நீரூற்றி வைத்து, மறுநாள் விடியற்காலத்தில் ஆலயத்திற்குக் கொண்டு செல்வது எம் வீட்டு வழக்கம். மூன்று பூவாயினும் நடுப்பந்தி வரையில் மணம் வரும்.

ஆறாண்டுகட்குமுன் ஒரு கோடையில் அதன் நுனிக்கொம்புகள் கருகத் தொடங்கின. நுனியிற் பிடித்த கருகல் நாளுக்குநாட் கீழிறங்கியது. மழைக்காலம் வந்தவுடன் அடியிலிருந்து புதுக்கொம்புகள் வேகமாகக் கிளைத்தன. யாம் மிக மகிழ்ந்தோம், எருவிட்டு நீர்பாய்ச்சினோம். இலை வெளிறியும் சிறுத்தும் இருந்தது, முள்ளும் குறைந்திருந்தது, அதனை எவரும் கருத்திற் கொள்ளவில்லை. பாட்டியார் ஒருவரே அருகிற் சென்று, இலையொன்றைக் கிள்ளி விரலிடையே உருட்டிப் பார்த்து, "இது என் செடி இல்லை" என்றார். முதுமையில் அவ்வாறு கூறுகின்றார் என்று நாங்கள் நகைத்தோம். ஓராண்டு முழுதும் நீர்விட்டோம். அடுத்த கிறிஸ்துமசுக்கு ஒரு பூவும் இல்லை. பின்னர் வந்தவை காற்காசளவுள்ள வெளிறிய சிறு பூக்கள். அப்பொழுதே உண்மை விளங்கிற்று. ஒட்டியிருந்த நல்ல செடி பட்டுப்போக, அதனைத் தாங்கிய வேர்ச்செடி தலையெடுத்திருந்தது. பாட்டியார் கூறியபொழுதே அடிக்கொம்புகளை நீக்கி, எஞ்சிய பச்சைக் கொம்பிலிருந்து ஒரு மொட்டையேனும் எடுத்து ஒட்டியிருந்தால் செடி பிழைத்திருக்கும். பெயரேனும் தெரிந்திருந்தால் வேறொன்று வாங்கியிருக்கலாம். இரண்டும் இல்லையாயின.

ஆதலின், செடி வாங்குவார் முதலிற் காணவேண்டியது பூவையன்று, ஒட்டையே என்று துணிந்து கூறுவோம். அடித்தண்டில் முடிச்சுப்போற் பருத்திருக்கும் இடமே ஒட்டு. அதற்கு மேற்பட்டவை நீங்கள் விரும்பிய ரோஜா. கீழ்ப்பட்டவை அதனைச் சுமக்கும் வேர்ச்செடி. நடும்போது இம்முடிச்சு மண்ணுக்கு மேலே சற்று உயர்ந்து நிற்றல் வேண்டும். மண்ணுக்குள் மறைந்ததேல், எது மேல் எது கீழ் என்பதே பின்னர்ப் புலப்படாது. ஏழிலைக் கொம்பு காட்டுக்கொம்பு, ஐயிலைக் கொம்பு நற்கொம்பு என்று எண்ணிப் பார்க்கச் சொல்லும் வழக்கொன்று உண்டு. அதனை நம்பற்க, நல்ல ரோஜாவும் செழித்தபொழுது ஏழிலை விடும். எங்கிருந்து கிளைத்தது என்பதொன்றே சான்று. கீழிருந்து கிளைத்த கொம்பை நிலமட்டத்தில் வெட்டினால் அது நான்காய்ப் பெருகும். மண்ணைச் சிறிது விலக்கி, தோன்றிய இடத்திலேயே பற்றி இழுத்துப் பிய்த்தெறிதல் வேண்டும்.

இடம் தேர்வதில் எம் பாட்டியார் எந்நூலும் கல்லாமலே சரியானதைச் செய்திருந்தார். கீழ்ப்புறம் காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் கிடைக்கும். பிற்பகலில் வீட்டின் நிழல் செடியைக் காக்கும். மேற்குச் சுவரோரம் நட்டால் வெயிலோடு சுவரின் வெக்கையும் சேர்ந்து இதழைப் பொசுக்கிவிடும். குழி ஒன்றரை அடி ஆழமும் அவ்வளவு அகலமும் இருத்தல் நன்று. செம்மண்ணும் நன்கு மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்புக. தொட்டியிலாயின் ஓரடிக்கு மேற்பட்ட வாயுடைய மண்தொட்டி வேண்டும். கோடையில் அதன் சூட்டை நினைவிற்கொள்க. நம் பகுதியில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பலவிடத்தும் கடினமானது. அதனையே விட்டுவந்தால் இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும். அது நோயன்று; மண்ணில் உள்ள இரும்பைச் செடி ஏற்க மாட்டாமையின் அறிகுறி. மழைநீரைச் சேர்த்துவைத்து விடுதலும், மக்கிய எருவை மிகுதியாக இடுதலும், தேவைப்படின் சிறிதளவு இரும்புச் சல்பேட்டு இடுதலும் பயன் தரும். நீர் காலையில் வேரடிக்கு விடுக. மாலையில் இலை நனைந்தால் கரும்புள்ளி நோய் வரும். கோடையில் இலையின் அடியிற் செம்பேன் பற்றும். அக்காலத்து மட்டும் காலைவேளையில் இலையின் அடிப்புறத்தில் நீரை விசையாகப் பீச்சுதல், கடையில் விற்கும் நஞ்சுகளினும் மேல் என்பது எம் கருத்து. தலையிற் சூடவும் குழந்தைகள் முகரவும் பறிக்கும் பூவின்மேல் கொடிய நஞ்சைத் தெளித்துவிட்டு அதன் மணத்தைப் புகழ்தல் நமக்கு ஒவ்வாது.

இனிக் கவாத்து. கத்தரிக்க அஞ்சுதலே நம் வீடுகளிற் காணும் பெருங்குறை. பூத்துக்கொண்டிருக்கும் செடியை வெட்டுதல் பாவம் என்று எண்ணுகின்றனர். வெட்டாத செடி உயர்ந்து மெலிந்து, நுனியிற் சிறு பூக்களைத் தரும். அதற்காக, குளிர்நாட்டு நூல்களைப் பார்த்து ஒரு சாணுக்கு மேல் விடாமல் வெட்டுதலும் தகாது. நம் வெயிலில் அவ்வளவு இழந்த செடி மீள்வது அரிது. நோயுற்றவை, காய்ந்தவை, ஒன்றோடொன்று உராய்பவை இவற்றை அடியோடு நீக்கி, வலிய கொம்பு நான்கைந்தை முழங்கால் உயரத்தில், வெளிநோக்கிய கணுவிற்குக் காலங்குலம் மேலாகச் சாய்வாக வெட்டுக. வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோப் பசையைத் தடவுக. எம் வீட்டுச் செடியைக் கொன்ற நுனிக்கருகல் நுழையும் வாயில் இதுவே. வெட்டிய நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்திற் பூ வரும். ஆகவே, கிறிஸ்துமசுக்குப் பூ வேண்டுவார் அக்டோபர் இறுதியிலோ நவம்பர் முதல் வாரத்திலோ கத்தரித்தல் வேண்டும். அப்பொழுது வடகிழக்கு மழை கொட்டிக்கொண்டிருக்கும். மழைவிட்ட ஒரு காலையைத் தேர்ந்து செய்க. மொட்டுக்கள் தோன்றியபின் ஒரு காம்பில் நடுமொட்டை மட்டும் நிறுத்திப் பக்கமொட்டுக்களைக் கிள்ளிவிட்டால் பூ பெரிதாகும். சித்திரை வைகாசியில் வரும் மொட்டுக்களை மலரவிடாமற் கிள்ளி, வேரடியிற் சருகு பரப்பி, செடியை உறங்கவிடுதல் எம் வழக்கம்.

இத்துணைப் பாடு எதற்கு, கடையில் நூறு சிவப்பு ரோஜா ஒரு கட்டாகக் கிடைக்கின்றதே என்பார்க்கு ஒரு சொல். ஓசூர்ப் பகுதியில் பசுமைக்குடில்களில் விளையும் செம்ரோஜாக்களை யாம் இகழவில்லை. அவை பல குடும்பங்கட்குச் சோறிடுகின்றன. பிப்ரவரி 14-ஐ முன்னிட்டுக் கடல்கடந்தும் செல்கின்றன. அவற்றின் தொழிலே வேறு. பல நாள் வாடாது நிற்கவும், பெட்டியில் அடுக்கினாற் கசங்காதிருக்கவும், காம்பு நேராயிருக்கவும் தேர்ந்தெடுக்கப்பட்டவை அவை; அத்தேர்வில் மணம் பின்தங்கிவிட்டது. கவனிக்கத்தக்கது பிறிதொன்று. அவற்றை விளைவிப்போர் தாம் நட்டது 'தாஜ் மகால்' என்றோ வேறு யாதென்றோ பெயரறிந்தே நடுகின்றனர். விற்பனைக்கு வளர்ப்பவர் பெயரறிந்திருக்க, விருப்பத்தால் வளர்க்கும் நாம் அறியாதிருத்தல் எத்துணை வியப்பு!

தமிழ்ச் சிறப்பு மாணவராகிய எம்மைப் பார்த்து, "இப்பெயர்களையெல்லாம் தமிழாக்கலாமே, 'கிரிம்ஸன் குளோரி'யைச் செம்மாட்சி என்றால் என்ன?" என்று வினவினார் எம் வகுப்பினர் சிலர். கூடாது என்பதே எம் விடை. அது பொதுப்பெயரன்று, ஒரு செடிக்கு அதனைத் தோற்றுவித்தவர் இட்ட சிறப்புப்பெயர். ஆபிரகாம் என்பதைப் பொருள்நோக்கி மொழிபெயர்த்து வழங்குவார் யார்? தமிழெழுத்தில் எழுதுவோம்; அது போதும். புதுப்பெயர் வேண்டுமெனின் புதுச்செடி உண்டாக்குவோம். நம் நாட்டு வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநராக 1965-இல் அமர்ந்த பி. பி. பால், கோதுமை ஆராய்ச்சியிற் பெயர்பெற்றவர். ஓய்வுநேரத்தில் ரோஜா வளர்த்துத் தாம் தோற்றுவித்தவற்றிற்குத் தாமே பெயரிட்டார். 1968-இல் வெளியான வெள்ளை ரோஜா ஒன்றிற்கு 'டாக்டர் ஹோமி பாபா' என்பது அவர் இட்ட பெயர். தமிழ்நாட்டார் ஒருவர் அவ்வாறு செய்து 'பொருநை' என்று ஒன்றிற்குப் பெயரிடும் நாளில், அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க யாம் உடன்படோம்.

பெயருக்கும் செடிக்கும் இடையேயுள்ள கட்டு அறுந்தால் நேர்வது யாது என்பதைத் தமிழ் பயில்வார்க்கு எடுத்துக்கூற வேண்டுவதில்லை. குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் 99 பூக்களைப் பெயர் கூறி அடுக்கினார். அவற்றுட் சில, இன்றுள்ள எச்செடியைக் குறிப்பன என்பதில் அறிஞர்க்குள் இன்னும் ஒருமைப்பாடில்லை. பெயர் உளது, பூ எதுவெனத் தெரியவில்லை. திருமறையிற் சாரோனின் ரோஜா என்று நாம் படிப்பதும் உண்மையில் ரோஜாவன்று, கிழங்கினின்று முளைக்கும் வேறொரு பூ என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். எம் முற்றத்திலோ செடி நின்றது. பெயர் இல்லாமற் போயிற்று.

ஆகவே, இவ்விதழின்வழி ஒரு வேண்டுகோள். எம் கல்லூரி முகப்பில் உள்ள ரோஜாப் பாத்தியில் இருபதுக்கு மேற்பட்ட செடிகள் நிற்கின்றன. ஒன்றற்கும் பெயர்ப்பலகை இல்லை. தாவரவியற் பகுதியாரும் தமிழ்ப் பகுதியாரும் கூடின் ஓராண்டுக்குள் அக்குறையைத் தீர்க்கலாம். காகிதச் சீட்டு வேண்டா. அது மழைக்கு நில்லாது என்பதற்கு எம் பாட்டியாரின் செடியே சான்று. மெல்லிய அலுமினியத் தகட்டில் ஆணியாற் கீறி எழுதினால் எழுத்து அழியாது. செலவும் சில ரூபாயே. அப்பாத்தியைப் போட்ட காலத்து இங்குப் பயின்ற பழைய மாணவர் எவரேனும், எங்கிருந்து எச்செடி வந்தது என்பதை நினைவுகூர்வாராயின், இதழாசிரியர்க்கு எழுதி உதவுவாராக.

வீட்டில், பழைய செடி நின்ற இடத்தில் சென்ற ஆண்டு ஒரு 'மிஸ்டர் லிங்கன்' நட்டோம். பெயரெழுதிய சீட்டோடு தருவாரைத் தேடி வாங்கிய செடி. நவம்பர் முதல் வாரத்திற் கத்தரித்தோம். டிசம்பர் 23-ஆம் நாள் முதற்பூ விரிந்தது. கறுத்த செம்மை, நிமிர்ந்த காம்பு, நல்ல மணம். அதனைப் பறித்துக்கொண்டுபோய்ப் பாட்டியாரிடம் கொடுத்தோம். இப்பொழுது அவர்க்குக் கண்பார்வை குறைவு. முகர்ந்தார், காம்பை விரலால் தடவி நிமிர்த்திப் பார்த்தார். "நல்ல பூதான் ஐயா. ஆனால் என் செடியில் பூ நிமிர்ந்து நிற்காதே, குனிந்தல்லவா பூக்கும்" என்றார்.

இத்தனை ஆண்டுகளாக இதனை யாம் அவரிடம் வினவியதே இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறை முடியுமுன் மேலும் பல வினவினோம். இதழ் எத்தனை என்று அவர்க்கு நினைவில்லை. செடி இடுப்பளவே வளர்ந்தது என்றும், மணம் பன்னீரை ஒத்தது என்றும் கூறினார். 'கிரிம்ஸன் குளோரி'யாக இருக்கலாம். 'ஈனா ஹார்க்னெஸ்' ஆகவும் இருக்கலாம். இவ்விரண்டில் ஒன்று தம் வீட்டில் உடையாரோ, கொடைக்கானலில் எவரிடம் உண்டென்று அறிந்தாரோ தெரிவிப்பின், வரும் ஐப்பசிக்குள் ஒரு கொம்பு பெற்றுச் செல்ல யாமே நேரில் வருவோம்.